தலைகீழாக நட்ட துப்பாக்கி

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் முதலில் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். வேலையும் அதற்கு ஏற்ற மாதிரியே அமைந்துவிட்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளுக்கான எடைமேடையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். லாரி வந்து நிற்கும், எடை விழும், சீட்டை ஜன்னல் வழியாக நீட்டுவேன். டிரைவர்கள் என்னிடம் பேசுவதில்லை, நானும் அவர்களிடம் பேசுவதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு நினைவுச் சின்னத்தைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அதில் இருக்கிற துப்பாக்கி ஏன் தலைகீழாக நிற்கிறது என்று எங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொத்தனார் தப்பாக வைத்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான் என்று ஒருவர் சொன்னார். அதை என் கையால் பிடித்து நட்டவன் நான். அதனால் எழுதுகிறேன்.

உடையார்பாளையத்திலிருந்து மீன்சுருட்டி போகிற வழியில், உள்ளே பிரிகிற ஒரு ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். முந்திரிக்காடும் கொஞ்சம் நெல்லும். பஸ் நிற்கும் இடத்தில் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி அந்தச் சின்னம் இருக்கிறது. ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து அறுத்து, மெருகேற்றிக் கொண்டுவந்தது. அதில் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் எல்லையில் நின்றவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கும். பெயரைப் படிக்கக் கிட்டே போனால் நம் முகமே கல்லில் தெரியும். கல்லுக்கு முன்னால் ஒரு மேடை. மேடையின் நடுவில் முனை மண்ணைப் பார்க்க நிற்கும் துப்பாக்கி. அதன் கட்டையின் மேல் ஓர் இரும்புத் தொப்பி. கீழே ஒரு ஜோடி பூட்ஸ். இந்த மூன்றும் சிமெண்டில் செய்தவை. ஆள் உருவம் கிடையாது.

திறப்பு விழாவுக்கு ஓர் அதிகாரி வந்தார். மாலை வைத்தார்கள், பிள்ளைகள் பாடினார்கள், லட்டு கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

இதைக் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தவர் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரி மாமா. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். எங்கள் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கும் மாமாதான். முதலில் அவருக்கு ஏற்பட்ட தொல்லை எல்லாம் பெண்களால். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரைக் கல்லில் வெட்டக்கூடாது என்று அவர்களுடைய மனைவிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் செத்தவர்களுக்குத்தான் கல் நடுவோம், கருமாதிக்குப் பிறகு அதையும் எடுத்துவிடுவோம். உயிரோடு இருக்கிறவனுக்குக் கல்லா என்று ஒரு அத்தை மண்ணை வாரித் தூற்றாத குறை. மாமா ரொம்பப் பொறுமையாக, கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உங்கள் வீட்டுக்காரர் பெயரை எழுதி வைத்திருக்கிறாரே, அப்போது ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு அது முடிந்தது. இருப்பவர், இறந்தவர் என்று பிரிக்காமல் எல்லாப் பெயரையும் வயது வரிசையில் வெட்டுவது என்று பேசி முடித்தார்கள்.

எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் இறந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, பென்ஷன் வாங்கி, வயதாகி, வீட்டுக் கட்டிலில் இறந்தவர்கள். திரும்பி வராதவர் ஒரே ஒருவர். என் அண்ணன்.

வடக்கே பனிமலையில் காவலுக்கு இருந்தபோது பனி சரிந்து மூடிவிட்டது. கூட இருந்தவர்களைத் தோண்டி எடுத்தார்கள். அண்ணனை எடுக்க முடியவில்லை. ரொம்ப நாள் தேடினார்கள், பனி உருகும் காலத்தில் மறுபடியும் தேடினார்கள். பிறகு இறந்துவிட்டதாக முடிவு செய்து அண்ணிக்குப் பென்ஷன் போட்டுக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பைக் காட்டாமல் எப்படிச் செத்தான் என்று சொல்வார்கள் என்றாள். அழக்கூட இல்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பனியில் மூடினவன் அந்தப் பக்கமாக வெளியே வந்திருப்பான், அடிபட்டு ஞாபகம் தப்பியிருக்கும், வேறு நாட்டில் எங்கேயோ இருக்கிறான், ஒருநாள் வருவான். இதுதான் அம்மாவின் கணக்கு. வெளிநாட்டுக்குப் போய்ப் பல வருடம் தகவலே இல்லாமல் இருந்து, எல்லோரும் கைகழுவிய பிறகு பஸ் ஏறி வந்து இறங்கிய ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அம்மா அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அவளிடம் யாராலும் பேச முடியவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் சாவு நடக்கவில்லை. தினமும் காலையில் பூக்காரம்மா வாசலில் வந்து குரல் கொடுப்பார். அம்மா ஒரு முழம் பூ வாங்கி அண்ணியின் கையில் கொடுப்பாள். அண்ணி வைத்துக்கொள்வார். கதம்பமோ கனகாம்பரமோ, மழைக்காலத்தில் மல்லிகை விலை ஏறினாலும், ஒருநாளும் தவறியதில்லை. அண்ணி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். என் மனைவிதான் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

பென்ஷனுக்காக வருடத்துக்கு ஒருமுறை அண்ணி உயிரோடு இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போட அரியலூருக்குப் போக வேண்டும். துணைக்கு நான் போவேன். முதல் தடவை அண்ணி வழக்கம்போல் பூவும் பொட்டுமாகப் போய் நின்றார். அங்கே இருந்தவர் தாளைப் பார்த்தார், அண்ணியின் நெற்றியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அடுத்த வருடத்திலிருந்து அண்ணி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டார். டவுனுக்குள் பஸ் நுழையும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, முந்தானையால் குங்குமத்தைத் துடைப்பார். பூவை எடுத்து வாழையிலைத் துண்டில் மடித்துப் பையில் வைப்பார். தாலியை ரவிக்கைக்குள் இறக்கிவிடுவார். திரும்பி வரும்போது ஊர் எல்லையில் எல்லாவற்றையும் பழையபடி செய்துகொள்வார். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சின்னம் கட்டுகிற பேச்சு வந்ததும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகவே கேட்டார். பெரியவன் பெயரையும் வெட்டுகிறோம், துப்பாக்கியும் தொப்பியும் பூட்ஸும் முன்னால் வைக்கிறோம், அது அவனுக்காகத்தான் என்றார். அம்மாவுக்கு அண்ணன் பெரியவன், நான் சின்னவன். எல்லோர் பெயரும் இருக்கிற கல்லில் பெரியவன் பெயரும் இருப்பதில் அம்மாவுக்கு மறுப்பு ஒன்றுமில்லை. சந்தோஷம்தான். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அண்ணனுடைய பழைய பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசி லீவில் விட்டுவிட்டுப் போனது. வருடா வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள்.

“இதப் பாத்து செய்யச் சொல்லு. அளவு சரியா இருக்கணும். வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரணும்” என்றாள்.

மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சிமெண்ட் வேலைக்குப் பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். எல்லைச் சாமிகளுக்கும் குதிரைகளுக்கும் கோபுரத்துப் பொம்மைகளுக்கும் பேர்போனவர். சிற்பி என்று கூப்பிட்டோம். என் வயதுதான் இருக்கும். மாமா போனில் ஒரு படத்தை அனுப்பி, இதேபோல் வேண்டும் என்று சொல்லிவிட்டு, கண் ஆபரேஷனுக்காகத் திருச்சிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மேடைக்கு மட்டும் எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வைக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. நான் எடைமேடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். அந்தக் கல்லை உடைத்தால் உள்ளே சங்கும் கிளிஞ்சலும் கல்லாகக் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். மேடையின் ஓரத்தில் இன்றைக்கும் ஒரு சுருள் சங்கு தெரிகிறது, விரலால் தடவிப் பார்க்கலாம். கடல் போனதற்கே சாட்சி கிடக்கிறது. ஒரு மனிதன் போனதற்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று கல் இறக்கிய அன்று நினைத்தேன். இப்போதும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதே நினைப்புதான் வருகிறது.

சிற்பி பூட்ஸைப் பிரமாதமாகச் செய்தார். அண்ணனுக்கு வலது குதி வெளிப்பக்கமாகத் தேயும். அந்தத் தேய்மானத்தைக்கூட விடாமல் கொண்டுவந்துவிட்டார். அம்மா தினமும் சாயங்காலம் தூக்குவாளியில் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது துப்பாக்கி நட்டாகிவிட்டது. கட்டை கீழே, குழல் மேலே, நேராக வானத்தைப் பார்த்து நின்றது. குழல் முனையில் தொப்பி. அம்மா அதன் எதிரே நின்று சிற்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்ப்பா, இப்படி மேல பாத்து நிக்கிதே, அதுக்கு ஏதும் அர்த்தம் உண்டா?”

“உண்டுங்க ஆயா. சாமி கோயில்ல வேலு, சூலம் எல்லாம் எப்படி நிக்கிது? முனை மேல பாத்துத்தான. காவலுக்கு ஆளு முழிச்சிட்டு நிக்கிறான்னு அர்த்தம்.”

“அப்ப ஆளு இருக்கான்.”

“இல்லாமயா ஆயுதம் நிக்கிது?”

சிற்பிக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. அவர் சாமியைப் பற்றித்தான் பேசினார். அம்மா துப்பாக்கிக் கட்டையில் கை வைத்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது முழங்கால் வலியே இல்லாத மாதிரி எனக்கு முன்னால் போனாள்.

வாசலில் நுழைந்ததும் அண்ணியைக் கூப்பிட்டு, “துப்பாக்கி மேல பாத்து நிக்கிதும்மா. நீ போய்ப் பாத்துட்டு வா” என்றாள். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு, களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைந்தார்.

அடுத்து வந்த நாட்களில் அம்மா முன் அறையைச் சுத்தம் செய்தாள். அண்ணனுடைய சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தாள். ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அண்ணிக்கு ஒரு முழம் பூவுக்குப் பதிலாக இரண்டு முழம் வாங்கினாள். அண்ணியின் தலையில் அவ்வளவு பூ பார்க்க நன்றாகவே இல்லை. முடி நரைக்க ஆரம்பித்துவிட்டது அவருக்கு.

மாமா கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். பஸ் நிற்கும் இடத்திலேயே சின்னம் என்பதால் வீட்டுக்குப் போகும் முன்பே பார்த்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். மாமா பையைக் கீழே வைத்தார். கண் சரியாகத் தெரியவில்லையோ என்று நினைத்தவர் போலக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அப்புறம் சிற்பியிடம் படம் எங்கே என்று கேட்டார். சிற்பி போனை எடுத்துக் காட்டினார்.

“இதுல எப்படி இருக்கு?”

“கீழ பாத்து இருக்குங்க. அவுங்க தப்பா நட்டுட்டாங்க. நான் சரி பண்ணிட்டேன்.”

“தப்பா?”

“ஆயுதத்த தலகீழா நட்டா சாமி குத்தமுங்க. சொல்லிட்டுச் செய்யலாம்னுதான் பாத்தேன், நீங்க ஆபரேஷன்ல இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். இதுக்குத் தனியா கூலி ஒண்ணும் வேண்டாங்க.”

மாமாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. சிற்பியை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னிடம் விளக்கினார். சண்டையில் ஒருவன் விழுந்தால், விழுந்த இடத்தில் அவன் துப்பாக்கியை முனை கீழாகக் குத்தி நிறுத்தி, மேலே அவன் தொப்பியை மாட்டுவார்கள். இங்கே ஒருவன் கிடக்கிறான் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்கு அதுதான் அடையாளம். காலி பூட்ஸ், அதில் நிற்க ஆள் இல்லை என்பதற்கு. முனை மேலே இருந்தால் அந்த அடையாளத்துக்கு அர்த்தமே போய்விடும், பட்டாளத்துக்காரன் எவன் பார்த்தாலும் காறித் துப்புவான் என்றார். இதை உடைத்துத் திருப்பி நட வேண்டும்.

நான் பொதுவாக யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

“அப்படியே இருந்துட்டுப் போவட்டுமே மாமா. அம்மா அதப் பாத்துட்டு வந்ததுலேருந்து நல்லா சாப்புடுது.”

மாமா மேடையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பூட்ஸைத் தடவிக்கொண்டிருந்தார். குதித் தேய்மானத்தில் அவர் விரல் நின்றது.

“நான் ரெண்டு பேருக்கு என் கையால நட்டுருக்கேன்டா தம்பி. அப்ப எனக்கு மீசைகூட சரியா மொளைக்கல. முனை மேல இருந்தா என்ன அர்த்தம்? டூட்டி முடியலன்னு அர்த்தம். கீழ திருப்புனாத்தான், போதும், போய்ப் படுத்துக்கடான்னு அர்த்தம். உங்க அண்ணன இன்னும் எத்தன வருஷத்துக்கு அந்தப் பனியில நிக்க வைக்கச் சொல்ற?”

அண்ணன் நிற்பதாக நினைத்தால் எனக்குக் குளிர்கிறது. படுத்துவிட்டதாக நினைத்தால் ஆளே இல்லை. இந்த இரண்டில் எதை எடுத்துக்கொண்டு ஒருவன் இருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். அண்ணி அடுப்பைச் சின்னதாக்கி வைத்துவிட்டுக் கேட்டார். முழுவதும் கேட்டு முடித்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“திருப்பி வைக்கச் சொல்லுங்க தம்பி.”

அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “பஸ்ஸுல தொடச்சித் தொடச்சி நெத்தி எரியிது” என்றார். அவ்வளவுதான். அடுப்பைப் பெரிதாக்கினார். அத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் குறை என்று சொன்னது இது ஒன்றுதான்.

நடுகிற அன்று காலையில்தான் சிற்பி பழையதை உடைத்துக் கொடுத்தார். அதற்கு முன்பே புதிதாக ஒரு துப்பாக்கியும் வார்த்துக் காயவைத்திருந்தார், முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோடு. ஆனால் அதைத் தலைகீழாக நட மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ சாமிக்கு ஆயுதம் கொடுத்த கை, இந்தக் கையால் முனையை மண்ணில் இறக்க மாட்டேன், வேண்டுமானால் கலவை போட்டுத் தருகிறேன், நீங்கள் நட்டுக்கொள்ளுங்கள் என்றார். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சிற்பி மசியவில்லை. ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மாமாவின் கண்ணில் தூசி படக்கூடாது. பாரமும் தூக்கக்கூடாது. அதனால் துப்பாக்கியைத் தூக்கிக் குழிக்குள் இறக்கியவன் நான். இறுகும் வரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாமா கரண்டியால் கலவையை அள்ளிச் சுற்றிலும் போட்டு அழுத்தினார். நல்ல வெயில். எதிரே கறுப்புக் கல்லில் நான் தெரிந்தேன். என் நெஞ்சுக்கு நேராக அண்ணனின் பெயர். அண்ணன் லீவில் வந்தால் எங்கள் இருவரையும் பார்த்து ஒரே அச்சு என்பார்கள். இப்போது அவரைவிட எனக்குச் சில வயது கூடிவிட்டது. அவர் அந்த வயதிலேயே நிற்க, நான் அவரைத் தாண்டி வந்துவிட்டேன். கட்டையைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது.

அம்மா வழக்கமாகச் சாயங்காலம்தான் வருவாள். அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். தூக்குவாளியும் டம்ளர்களுமாக ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்தேன். கையை எடுக்க முடியாது, எடுத்தால் சாய்ந்துவிடும். பிடித்துக்கொண்டே நின்றேன். அம்மா மேடையருகே வந்து நின்றாள். குழியைப் பார்த்தாள். துப்பாக்கியை மேலிருந்து கீழே பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

மாமா நடந்ததைச் சொன்னார். பட்டாளத்தில் இது ஒரு மரியாதை என்று ஆரம்பித்தார். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் அவரால் போக முடியவில்லை. அம்மா அதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. குனிந்து, குழியின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“ஈரமாத்தான இருக்கு இன்னும்” என்றாள்.

வேப்பமரத்தடியில் இருந்த சிற்பி எழுந்து இரண்டு அடி வந்துவிட்டார். அம்மா சொன்னால் பிடுங்கிக் கொடுத்துவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். என்னிடமிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று பார்த்தாள். நான் பிடியை விடவில்லை.

மாமா இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது, கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வந்தது. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

“அவன் டூட்டி முடிஞ்சிருச்சிக்கா” என்றார்.

அம்மா மணல் குவியலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே தூக்குவாளியைத் திறந்து, டம்ளர்களில் டீயை ஊற்றினாள். “ஆறிரும், குடிங்க” என்றாள். மாமா குடித்தார், சிற்பி வந்து குடித்தார். என் கை சும்மா இல்லாததால் எனக்கு அவளே டம்ளரை வாயருகே கொண்டுவந்து பிடித்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்த மாதிரி. நான் குடித்தேன்.

பிறகு அண்ணனுடைய பழைய பூட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சிமெண்ட் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, தூக்குவாளியை ஒரு கையிலும் பூட்ஸை ஒரு கையிலுமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது. இரண்டு இடத்தில் நின்று நின்று போனாள். நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இறுகியதும் கையை எடுத்தேன். நின்றது. மாமா ஒருமுறை சுற்றி வந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. செத்தவனுக்கு அது தேவையில்லை. பெற்றவளிடம் மிச்சமிருந்ததையும் அது பிடுங்கிக்கொண்டது. இனிமேல் பஸ்ஸில் நெற்றியைத் துடைக்க வேண்டியதில்லை என்றாலும், போன வருடங்களை அண்ணிக்கு அது திருப்பித் தரப்போவதில்லை. இதை எல்லாம் யோசித்தா இந்த அடையாளத்தை முதலில் ஒருவன் கண்டுபிடித்திருப்பான்? செத்தவனின் துப்பாக்கி, செத்தவனின் தொப்பி. அந்த நேரத்தில் கையில் கிடைத்தது அதுதான். வேறு ஒன்றும் இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனேன். அம்மா பூட்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுச் சுவரோரமாகப் படுத்திருந்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காலையில் வைத்த இரண்டு முழம் கனகாம்பரமும் அண்ணியின் தலையில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அண்ணிக்கும் தோன்றவில்லை. அவர் கேட்டதுதான் நடந்திருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் பூக்காரம்மா வழக்கம்போல் வாசலில் வந்து குரல் கொடுத்தார். அம்மா வெளியே போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.